கேரளம் ஏற்காத பாடப்புத்தகம்: எல்லைத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள். அப்பா அம்மா பெரும்பாலும் தென்னந்தோப்பு வேலைக்கோ கோயமுத்தூர்க் கம்பெனிகளுக்கோ போகிறவர்கள். வீட்டில் மலையாளச் செய்தியும் ஓடும், தமிழ்ச் செய்தியும் ஓடும். இரண்டையும் பார்த்துவிட்டு பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் என்னை நிறுத்தி, இந்தப் பாடப்புத்தகச் சண்டை என்ன டீச்சர் என்று கேட்பார்கள். நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதுகிறேன். மூணாறு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

கேரள அரசு எந்தப் புத்தகத்தை வேண்டாம் என்றது?

முழுப் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. புத்தகத்திலிருந்து வெட்டியதைத்தான் ஏற்க மாட்டோம் என்றது. செய்தியில் "கேரளம் நிராகரித்தது" என்று ஒரே வரியில் வந்ததால், பலருக்கும் இங்கேதான் குழப்பம்.

டெல்லியில் என்.சி.இ.ஆர்.டி. என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1961இல் தொடங்கியது. மத்திய அரசின் பள்ளிப் பாடப்புத்தகங்களைத் தயாரிப்பது அவர்கள்தான். கொரோனாவில் பிள்ளைகள் இரண்டு வருடம் பள்ளிக்கு வரவில்லை, சுமையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி 2022இல் 6 முதல் 12 வரை உள்ள புத்தகங்களில் பல பகுதிகளை நீக்குவதாக அறிவித்தார்கள். 2023இல் புதிதாக அச்சான புத்தகங்கள் அந்தப் பகுதிகள் இல்லாமலே வந்தன. கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பல பாடங்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான். நீக்கிய பாடங்களை நாங்கள் சொல்லிக்கொடுப்போம் என்று கேரள அரசு முடிவெடுத்தது. சண்டை தொடங்கியது அப்படித்தான்.

வெட்டியது என்னென்ன?

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாயர் அரசவை பற்றிய முழு அத்தியாயம் போனது. அக்பரும் ஷாஜஹானும் தங்கள் ஆட்சியை எழுதிவைக்க ஆள் அமர்த்தினார்கள், அப்படி வந்தவைதான் அக்பர்நாமாவும் பாதுஷாநாமாவும். ஒரு ராஜா தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்ன புத்தகத்தை நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த அத்தியாயம் அது. ராஜாக்கள் பெயரையும் தேதியையும் மனப்பாடம் செய்வதைவிடப் பத்து மடங்கு உபயோகமானது.

பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியலில் மக்கள் இயக்கங்கள் பற்றிய அத்தியாயம் போனது. மரங்களைக் காக்க நடந்த சிப்கோ, மகாராஷ்டிரத் தலித் இளைஞர்களின் தலித் பேந்தர்ஸ், நர்மதை அணை எதிர்ப்பு, அப்புறம் ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கத்துப் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டது எல்லாம் அதில் இருந்தன. நான் அதிகம் வருத்தப்பட்டது இதற்குத்தான். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு டெல்லி, பம்பாய்க் கதைகளைவிட அந்த நெல்லூர்ப் பெண்களின் கதை சட்டென்று புரியும். சாராயம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று அவர்களுக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதை எதிர்த்துப் பெண்கள் கூடி நின்றார்கள், அரசாங்கம் இறங்கி வந்தது என்பது புத்தகத்தில் இருந்தால்தான் தெரியும்.

2002 குஜராத் கலவரம் பற்றிய பகுதிகளும் நீக்கப்பட்டன. நெருக்கடி நிலை பற்றியவை சுருக்கப்பட்டன. பிளஸ் ஒன் வரலாற்றில் தொழிற்புரட்சி அத்தியாயம் போனது. காந்தி கொலையைப் பற்றிய வரிகளும் போயின. இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக அவர் விடாமல் உழைத்தது தீவிர இந்துக்களைக் கோபப்படுத்தியது, அவரைக் கொல்லப் பல முறை முயன்றார்கள் என்ற வரியும், கொலைக்குப் பிறகு ஆர்.எஸ்.எஸ். சில காலம் தடை செய்யப்பட்டது என்ற குறிப்பும் இப்போது இல்லை. காந்தி தொடர்பான நீக்கங்களில் சில, முதலில் வெளியிட்ட பட்டியலிலேயே இல்லை. அதைச் சுட்டிக்காட்டியபோது கவனக்குறைவாக இருக்கலாம் என்று நிறுவனத்தின் இயக்குநர் சொன்னார்.

பத்தாம் வகுப்பில் பரிணாமக் கொள்கையும் தனிம அட்டவணையும் ஜனநாயகம் பற்றிய அத்தியாயங்களும் நீக்கப்பட்டன. டார்வினை எடுத்துவிட்டது தவறு என்று 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அந்த அரசியல் அறிவியல் புத்தகங்களுக்கு முதன்மை ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷீகரும், இந்தப் புத்தகத்தில் எங்கள் பெயர் இருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று 2023 ஜூனில் எழுதிக் கேட்டார்கள்.

பாடம் குறைந்தால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே?

நியாயமான கேள்வி. கேட்கிற அம்மாக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் ஆறு மணிக்கு எழுந்து டியூஷன், பள்ளி, மறுபடி டியூஷன் என்று ஓடுகிற பிள்ளையைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பாடம் அதிகம் என்பது உண்மை. குறைக்கவும் வேண்டும். ஆனால் எதைக் குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? காந்தியை ஏன் கொன்றார்கள் என்ற இரண்டு வரியை எடுத்தால் எந்தப் பிள்ளையின் சுமை இறங்கும்? கொரோனா முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லி எடுத்த வரிகள் திரும்பி வரவில்லை. சுமை ஒரு சாக்கு என்று நான் நினைப்பது இதனால்தான்.

என் பையன் ஏழாவது படிக்கிறான். அவனுக்கு இதில் ஏதாவது உண்டா?

இல்லை. ஒன்று முதல் பத்து வரை கேரளத்தில் என்.சி.இ.ஆர்.டி. மாதிரி மாநிலத்துக்கென்று இருக்கிற எஸ்.சி.இ.ஆர்.டி. போடுகிற புத்தகம்தான். மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மீடியத்திலும் வரும். 2024இல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும் 2025இல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் புதுப் புத்தகம் வந்தது. அண்ணனுடைய பழைய புத்தகம் தம்பிக்கு உதவவில்லை என்று பலர் குறைப்பட்டது இதனால்தான்.

ஊருக்குள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்திருந்தால் கதை வேறு. அங்கே பத்தாவது அறிவியலில் பரிணாமம் இருக்காது.

மத்திய அரசு போட்ட புத்தகத்தை ஒரு மாநிலம் மறுக்க முடியுமா? சட்டம் விடுமா?

விடும். கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42ஆவது திருத்தத்தில், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. போனாலும், மாநிலப் பாடத்திட்டத்துப் பள்ளிகளில் எந்தப் புத்தகம் என்பதை மாநிலம்தான் முடிவு செய்கிறது. என்.சி.இ.ஆர்.டி. சொல்வது மாநிலங்களுக்கு ஆலோசனை. தமிழ்நாடு பன்னிரண்டாவது வரைக்கும் தன் சொந்தப் புத்தகத்தையே வைத்திருக்கிறது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி அந்தப் பக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு டெல்லியில் வெட்டினாலும் ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது. இந்தப் பக்கம் பிளஸ் ஒன்னுக்கு வந்த பிள்ளைக்கு ஆகும். ஒரே தெரு, இரண்டு புத்தகம்.

2023 அக்டோபரில் என்.சி.இ.ஆர்.டி. அமைத்த ஒரு குழு, பாடப்புத்தகங்களில் "இந்தியா" என்பதை "பாரத்" என்று மாற்றலாம் எனப் பரிந்துரைத்தது. குழுவுக்குத் தலைவர் கேரளத்தைச் சேர்ந்த வரலாற்றுப் பேராசிரியர் சி.ஐ. ஐசக். அதையும் கேரள அரசு ஏற்க மாட்டோம் என்றது. அரசியல் சட்டத்திலேயே இரண்டு பெயரும் இருக்கிறது, அப்புறம் எதற்கு ஒன்றை எடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

சரி, வெட்டிய பாடம் பிள்ளைகள் கைக்கு எப்படி வந்தது?

கூடுதல் பாடப்புத்தகம் என்று தனியாக அச்சடித்தார்கள். வரலாறு, அரசியல் அறிவியல் போன்ற பாடங்களுக்கு எஸ்.சி.இ.ஆர்.டி. தயாரித்து, 2023 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் வெளியிட்டார். கல்வி அமைச்சராக இருந்த வி. சிவன்குட்டி, இந்தப் பாடங்களிலிருந்து தேர்விலும் கேள்வி வரும் என்றார். வெறும் அறிக்கையோடு நிற்காமல் கேரளம் புத்தகமாகவே கொண்டுவந்தது. அந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் இங்கே நம் பிள்ளைகள் நிலையைச் சொல்லியாக வேண்டும். பத்தாவது வரை தமிழில் படித்த பெண், பிளஸ் ஒன்னில் போய் உட்கார்ந்ததும் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கிறாள். என்.சி.இ.ஆர்.டி. அந்தப் புத்தகங்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருதுவிலும் போடுகிறது. தமிழில் இல்லை. வகுப்பில் ஆசிரியர் விளக்குவது மலையாளத்தில். அவள் வீட்டில் யோசிப்பது தமிழில்.

என்னிடம் பத்தாவது படித்துவிட்டுப் போன பெண் ஒருத்தி சாயங்காலம் என் வீட்டுக்கு வருவாள். அவள் கையில் இருந்தது 2019ஆம் வருடத்துப் பழைய புத்தகம், முகலாயர் அத்தியாயம் இருக்கிற புத்தகம். அது அவளுடையது இல்லை. அவளுடைய பெரியம்மா மகள் படித்தது, அவளுக்கு முன்னால் தெருவில் இன்னொரு பெண் படித்தது. ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் தமிழ் அர்த்தம். மூன்று கையெழுத்து. ஒருத்தி "அரசவை" என்று எழுதியிருக்கிறாள், அடுத்தவள் அதையே அடித்துவிட்டு "தர்பார், படத்துல வர்ற மாதிரி" என்று எழுதியிருக்கிறாள். வரிக்கு நடுவில் இடமே இல்லாமல் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அந்தப் பாடம் தமிழில் இருந்தது அந்தப் பென்சில் எழுத்தில் மட்டும்தான்.

புது வருடத்துப் புத்தகத்தில் அந்த அத்தியாயமே இல்லை. கூடுதல் புத்தகம் வந்தது ஓணத்தை ஒட்டி, அதாவது ஜூனில் தொடங்கிய வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து. இவளோ அதற்குள் பழைய புத்தகத்திலிருந்தே அந்தப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டாள். ஒரு பாடத்தை நீக்கியது தப்பு என்று சொல்கிற அரசாங்கம், அந்தப் பாடம் புரியாத மொழியில் இருப்பதையும் தப்பு என்று பார்க்க வேண்டும். நான் இதில் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

தமிழ் மீடியம் புத்தகம் மட்டும் ஏன் எப்போதும் லேட்?

பாடத்தை முதலில் எழுதுவது மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். அதை மொழிபெயர்க்க வேண்டும், திருத்த வேண்டும், அப்புறம்தான் அச்சு. பிரதிகள் குறைவு என்பதால் வரிசையில் பின்னால் நிற்கும். எங்கள் பள்ளிக்கு ஒரு வருடம் மலையாள மீடியம் கட்டு வந்து இறங்கிய பிறகு, தமிழ் மீடியம் கட்டு மூன்று வாரம் கழித்து வந்தது. கயிற்றை அறுத்துப் பார்த்தால் ஏழாம் வகுப்புக் கணக்கு இரட்டிப்பாக இருக்கிறது, சமூக அறிவியல் ஒன்றுகூட இல்லை. வராந்தாவில் வரிசையாக நின்ற பிள்ளைகளிடம் நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினோம். நாளைக்கும் அதையேதான் சொன்னோம்.

மொழிபெயர்ப்பும் சில இடத்தில் மலையாள வாசனையோடு இருக்கும். "பௌரன்" என்று மலையாளச் சொல்லை அப்படியே எழுதியிருந்ததை நான் "குடிமகன்" என்று கரும்பலகையில் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது சின்னக் குறை என்று விட்டுவிட முடியாது. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. பாதி மலையாளமாக இருக்கிற தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த வசதி முழுதாக வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டிலும் ஒரு தடவை அரசாங்கமே புத்தகத்தை நிறுத்தியதே?

ஆமாம், 2011இல். சமச்சீர் கல்வி. தி.மு.க. அரசு 2010இல் சட்டம் போட்டு, அந்த வருடமே ஒன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் பொதுப் புத்தகம் கொண்டுவந்தது. மற்ற வகுப்புகளுக்கு 2011இல் வர வேண்டும். புத்தகம் அச்சாகித் தயாராக இருந்தது. மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா அரசு, தரம் போதாது என்று சொல்லி நிறுத்திவைத்தது. பள்ளி திறப்பை ஜூன் 15க்குத் தள்ளினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பத்து நாளுக்குள் சமச்சீர் புத்தகத்தைக் கொடு என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த இரண்டு மாதமும் பொள்ளாச்சியில் என் நாத்தனார் மகன் பத்தாவது. புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தான். ஆசிரியர்கள் தோட்டம் போடுவது, பாட்டு, பழைய பாடத்தைத் திருப்புவது என்று பொழுதை ஓட்டினார்கள். கடைசியில் புத்தகம் வந்தபோது கருணாநிதி சம்பந்தப்பட்ட பகுதிகள் மேல் காகிதம் ஒட்டியிருந்தது. அவன் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் என்ன இருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மறைக்காமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

2011க்கும் 2023க்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அன்றைக்குப் பிள்ளையிடமிருந்து புத்தகத்தை எடுத்தார்கள். கேரளத்தில் எடுக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்க முயன்றார்கள். இரண்டையும் "அரசு நிராகரித்தது" என்ற ஒரே சொல்லால் சொல்லக் கூடாது.

கேரள அரசாங்கம் போடுகிற புத்தகத்தில் மட்டும் அரசியல் இல்லையா?

இருக்கிறது. இல்லை என்று நான் சொன்னால் அது பொய். 1957இல் வந்த முதல் கம்யூனிஸ்ட் அரசின் கல்வி மசோதாதான், அந்த அரசுக்கு எதிராக நடந்த விமோசன சமரம் என்ற போராட்டத்துக்குப் பெரிய காரணமாக இருந்தது. 1959 ஜூலை 31 அன்று ஆட்சியையே கலைத்தார்கள். 2008இல் ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் "மதமில்லாத்த ஜீவன்" என்று ஒரு பாடம். அப்பா முஸ்லிம், அம்மா இந்து. பையனைப் பள்ளியில் சேர்க்க வருகிறார்கள். தலைமையாசிரியர் மதம் என்னவென்று கேட்கிறார். மதம் என்று எதுவும் எழுத வேண்டாம் என்கிறார்கள். பெரியவனானதும் அவனுக்கு ஒரு மதம் வேண்டும் என்று தோன்றினால்? அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். அவ்வளவுதான் பாடம்.

சர்ச் அமைப்புகளும் முஸ்லிம் லீகும் காங்கிரசும் எதிர்த்தன. புத்தகத்தைத் தெருவில் எரித்தார்கள். மலப்புறத்தில் நடந்த போராட்டத்தில் தாக்கப்பட்ட ஒரு தலைமையாசிரியர் இறந்துபோனார். வரலாற்றாசிரியர் கே.என். பணிக்கர் தலைமையில் குழு போட்டுப் பாடத்தைத் திருத்தினார்கள். ஒரு பாடத்துக்காக ஒரு வாத்தியார் உயிர் போனது என்பதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

2025இல் நான்காம் வகுப்பு ஆசிரியர் கையேட்டு வரைவில், சுபாஷ் சந்திர போஸ் ஆங்கிலேயருக்குப் பயந்து ஜெர்மனிக்கு ஓடினார் என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்துவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் திருத்தினார்கள், எழுதியவர்களை அடுத்த வேலைகளிலிருந்து விலக்கினார்கள். அதே வருடம் ஆளுநரோடு மோதல் வந்தபோது, ஆளுநரின் அதிகாரம் என்னவென்று பத்தாம் வகுப்பில் பாடம் சேர்ப்போம் என்று அரசு அறிவித்தது. பாடம் நல்ல பாடம்தான். ஆனால் சண்டை வந்த வாரத்தில் பாடத்தை அறிவிப்பது சரியான வழி இல்லை.

நம் ஆட்களும் பாடத்தை நீக்கச் சொல்லியிருக்கிறார்களா?

சொல்லியிருக்கிறோம். 2012இல் பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மண் கார்ட்டூன் மாணவர்களைக் கேவலப்படுத்துகிறது என்று தமிழ்நாட்டுக் கட்சிகள் பலவும் எதிர்த்தன. புத்தகங்களில் இருந்த கார்ட்டூன்களை ஆராய அமைத்த தோரட் குழு அதை எடுக்கலாம் என்றது. அந்தக் குழுவில் இருந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் நீக்க வேண்டாம் என்று மாற்றுக் கருத்து எழுதினார். திராவிட இயக்கத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியவர் அவர்.

இன்னொன்று நம் எல்லைக்கே சொந்தமானது. தோள்சீலைப் போராட்டம். பழைய திருவிதாங்கூரில், இன்றைக்குக் குமரி மாவட்டமாக இருக்கிற கல்குளம், இரணியல் பக்கம், நாடார் பெண்கள் மாரை மறைத்து உடுத்தும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை போராடினார்கள். 1859 ஜூலை 26 அன்று மகாராஜா அனுமதித்து அறிவித்தார். என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பில் உடையின் வரலாறு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் இந்தக் கதை வரும். நாடார்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்கிற மாதிரி எழுதியிருந்ததை நாடார் அமைப்புகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியை விடச் சொன்னது, 2019இல் அத்தியாயமே போய்விட்டது.

ஒரு வரி தப்பு. திருத்த வேண்டியது அந்த வரி. அதற்குப் பதிலாக நம் பாட்டிகளின் போராட்டமே இந்தியா முழுக்கப் பிள்ளைகள் படிக்கிற புத்தகத்திலிருந்து மறைந்துவிட்டது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அந்தப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழாவில் ஸ்டாலினும் பினராயி விஜயனும் ஒரே மேடையில் நின்றார்கள். அன்றைக்கு என் வகுப்பில் அதைச் சொன்னபோது பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மேலே சட்டை போடவே சண்டை போட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டு, தன்னுடைய யூனிஃபார்ம் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மற்ற மாநிலங்களில்?

கர்நாடகத்தில் 2022இல் பா.ஜ.க. அரசு மாற்றியதை 2023 ஜூனில் காங்கிரஸ் அரசு திரும்ப மாற்றியது. சாவர்க்கர், ஆர்.எஸ்.எஸ்.ஸைத் தொடங்கிய ஹெட்கேவார் பாடங்கள் நீங்கின. ராஜஸ்தானில் 2025இல் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் ஒன்றில் காங்கிரஸ் தலைவர்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது என்று, லட்சக்கணக்கில் அச்சடித்த பிறகு அதை நடத்த வேண்டாம் என்றார்கள். ஆட்சி மாறினால் பாடம் மாறும் என்பது இப்போது பழகிப்போய்விட்டது.

பி.எம். ஸ்ரீ என்கிறார்களே, அதற்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பி.எம். ஸ்ரீ என்பது தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கிற திட்டம். அதில் சேர ஒப்பந்தம் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும். சேராத மாநிலங்களுக்கு, பள்ளிக் கல்விக்காக மத்திய அரசு கொடுக்கிற சமக்ர சிக்ஷா பணத்தை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டுக்கு 2024-25இல் நிறுத்திய தொகை 2,152 கோடி ரூபாய். கேரளம் 2025 அக்டோபரில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஆளும் கூட்டணியில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (சி.பி.ஐ.) கடுமையாக எதிர்த்ததும் ஒரு வாரத்துக்குள் நிறுத்திவைத்தது. பாடத்திட்டத்தை மாற்ற மாட்டோம் என்று கேரள அமைச்சர் சொன்னார். என் கவலை என்னவென்றால், பணத்தைப் பிடித்துவைத்தால் எந்த மாநிலமும் எவ்வளவு நாள் தாங்கும்? அந்தப் பணத்தில்தான் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான ஆசிரியர்களின் சம்பளமும் இருக்கிறது.

நீட், கியூட் எழுதுகிற பிள்ளைக்கு இந்தக் கூடுதல் பாடம் தொல்லையா?

இல்லை. நீட் எழுதுகிறவர்களுக்குப் பரிணாமம் பன்னிரண்டாவது உயிரியலில் அப்படியே இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கியூட் என்.சி.இ.ஆர்.டி.யை ஒட்டி வரும். கூடுதல் பாடம் படித்ததால் மதிப்பெண் குறையாது.

வீட்டிலிருந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில், ஒவ்வொரு பள்ளியும் எந்த மீடியத்தில் எத்தனை புத்தகம் வேண்டும் என்று முன்கூட்டியே கணினியில் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட வேண்டும். பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்து, தமிழ் மீடியத்துக்கு எத்தனை போட்டீர்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தவறாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் கேளுங்கள்.

புத்தகம் வரத் தாமதமானால் எஸ்.சி.இ.ஆர்.டி. இணையதளத்திலும் சமக்ரா என்ற கேரளக் கல்வித்துறை இணையதளத்திலும் தமிழ் மீடியம் புத்தகம் பி.டி.எஃப். ஆக இருக்கும். போனில் இறக்கி, தேவையான பாடத்தை மட்டும் பிரின்ட் எடுங்கள். முழுப் புத்தகத்தையும் எடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பிளஸ் ஒன் போகிற பிள்ளைக்குப் பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ பழைய புத்தகக் கடையில் தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு வரலாறு, தமிழ் வழிப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். அதில் முகலாயப் பேரரசு பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. தமிழில் கதையைப் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் பாதி பயம் போய்விடும். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கும்.

அப்புறம், வீட்டில் 2022க்கு முந்தைய பிளஸ் டூ வரலாறு, அரசியல் அறிவியல் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். என்னிடம் கொடுங்கள், அல்லது தெருவில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். நான் சொன்னேனே, பென்சில் எழுதிய அந்தப் புத்தகம், அது இப்போது எருத்தேம்பதியில் நான்காவது பெண் கையில் இருக்கிறது. போன வாரம் கொண்டுவந்து காட்டினாள். அட்டை போய்விட்டது, காலண்டர் தாளில் புது அட்டை போட்டிருக்கிறாள். "தர்பார்" என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் நீல மையில் சின்னதாக "அரசவை தான் சரி" என்று எழுதியிருக்கிறாள்.